ஐரோப்பியச் சமூகத்தில் பிரிட்டனும் ஹாங்காங் துணியும்

சுங்க ஒன்றியம் ஒன்றில் சேரும் நாடு இரண்டு கடமைகளை ஒருசேர ஏற்றுக்கொள்கிறது. கூட்டாளி நாடுகளின் சரக்குக்குத் தீர்வை போடக்கூடாது. வெளியார் சரக்குக்கு எல்லாக் கூட்டாளிகளும் ஒரே தீர்வை போடவேண்டும். மேடைகளில் பேசப்படுவது முதல் கடமைதான். ஆனால் சேரும் நாட்டுக்கு ஒரு காலனி இருந்து, அந்தக் காலனி துணி விற்றுப் பிழைத்தால், அதன் பிழைப்பைத் தொடுவது இரண்டாவது கடமை. வெறும் தடையற்ற வணிகப் பகுதியில் இந்தச் சிக்கல் எழாது. 1960-இல் தொடங்கிய ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கத்தில் (எஃப்டா) பிரிட்டன் உறுப்பினராக இருந்தபோது, வெளியாரிடம் தன் பழைய சலுகைகளைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடிந்தது. 1973 ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிறகு அது முடியாமல் போனது. அப்போது பிரிட்டனின் கையில் மிஞ்சியிருந்த காலனிகளில் தொழில்வளம் மிக்கது ஹாங்காங். அதன் முதன்மையான ஏற்றுமதி துணியும் ஆயத்த ஆடையும்.

அந்த ஏற்றுமதி வளர்ந்தது மிகக் குறுகிய காலத்தில். சீனாவில் 1949-இல் ஆட்சி மாறியதை ஒட்டி, ஷாங்காய் நூற்பாலை முதலாளிகள் பலர் மூலதனத்தையும் கைதேர்ந்த ஆட்களையும் ஹாங்காங்குக்குக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்திருந்த இயந்திரங்களையும் அங்கே திருப்பிவிட்டார்கள். சுன் வான் பகுதியில் ஆலைகள் வரிசையாக எழுந்தன. கொரியப் போரின்போது, 1951-இல், சீனாவுக்கு எதிராக ஐக்கிய நாடுகள் அவை விதித்த தடை, அதுவரை ஹாங்காங்குக்குச் சோறு போட்ட இடைத்தரகு வணிகத்தை முடக்கியது. துறைமுகமாக இருந்த ஊர் தொழிற்சாலை ஊராக மாறியது.

செய்த சரக்குக்குச் சந்தை தயாராக இருந்தது. 1932-இன் இறக்குமதித் தீர்வைச் சட்டமும் அதே ஆண்டு ஒட்டாவா மாநாட்டு உடன்பாடுகளும் பேரரசுக்குள் உற்பத்தியான பொருள்களுக்குப் பிரிட்டனில் சலுகை தந்திருந்தன. இவ்வளவு பங்கு செலவு பேரரசுக்குள் ஆனது என்று சான்றிதழ் இணைத்துவிட்டால் ஹாங்காங்கின் பருத்தித் துணி தீர்வையின்றி இறங்கும். பக்கத்து நாடான பிரான்ஸின் துணிக்கு முழுத் தீர்வை. இந்தியா, பாகிஸ்தான் துணிக்கும் ஹாங்காங்குக்குக் கிடைத்த அதே வசதி உண்டு. இறங்கியதில் பெரும்பங்கு காடா துணி. இங்கிலாந்தின் துணித்தொழில் பகுதியான லங்காஷயரில் அதை வெளுத்து, சாயமேற்றி, அச்சிட்டு விற்றார்கள். ஒரு பகுதி மறுபடி வெளிநாட்டுக்கே போனது. ஆகவே அப்பகுதியின் துணிச் சந்தையான மான்செஸ்டரிலேயே இதைப் பற்றி இரண்டு கட்சிகள் இருந்தன. நூற்பாளரும் நெசவாலைக்காரரும் இறக்குமதியை நிறுத்து என்றார்கள். துணியை வாங்கிப் பதப்படுத்தி விற்ற வணிகர்களோ மலிவான காடா துணி வரட்டும் என்றார்கள்.

1958-இல் பருத்தித் துணியில் பிரிட்டனின் இறக்குமதி ஏற்றுமதியை விஞ்சியது. இயந்திர நெசவு பிறந்த நாட்டில் நடந்தது இது. மறு ஆண்டு பிப்ரவரியில் ஹாங்காங் ஆலைக்காரர்கள், ஆண்டுக்கு 16.4 கோடி சதுர கஜத்துக்கு மேல் பிரிட்டனுக்கு அனுப்புவதில்லை என்று மூன்றாண்டுகளுக்கு ‘தாமே முன்வந்து’ ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவுக்கு 17.5 கோடி, பாகிஸ்தானுக்கு 3.8 கோடி என்று எல்லை வகுத்தார்கள். இதற்கு லங்காஷயர் ஒப்பந்தம் என்று பெயர். ‘தாமே முன்வந்து’ என்பது ஆவணத்தின் சொல். மறுத்தால் என்ன நடக்கும் என்பது மேசையின் இரு பக்கமும் இருந்தவர்களுக்குத் தெரியும். இந்திய வாசகருக்கு இதில் ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வரும். 1896-இல் இந்திய ஆலைத் துணிமீது மூன்றரை விழுக்காடு கலால் வரி போட வைத்தது இதே லங்காஷயரின் நெருக்குதல்தான். இந்தியாவில் தன் சரக்குக்குக் கொடுக்கவேண்டிய சுங்கம் தன்னைப் பாதிக்கக்கூடாது என்பது அன்றைய வாதம். அறுபது ஆண்டு கழித்து, காலனியின் துணியிலிருந்து காப்பாற்றுங்கள் என்று அதே ஊர் கேட்டது.

காப்பு கேட்டதோடு நிற்கவில்லை. 1959-இன் பருத்தித் தொழில் சட்டப்படி அரசுப் பணம் கொடுத்துப் பழைய இயந்திரங்களை உடைத்தார்கள், 1.2 கோடி அளவுக்குக் கதிர்கள் பழைய இரும்பாயின. 1961-இல் குறுகிய கால ஏற்பாடு, 1962-இல் பருத்தித் துணி வணிகத்துக்கான நீண்ட கால ஏற்பாடு என்று, தீர்வை, வணிகம் பற்றிய பொது உடன்பாடான காட் (GATT) அமைப்பின் நிழலிலேயே உலக அளவில் கோட்டா முறை உருவானது. 1966-இல் பிரிட்டன் மலிவு விலை நாடுகளிலிருந்து வந்த பருத்தித் துணி இறக்குமதியைக் கோட்டாவுக்குள் கொண்டுவந்தது. கோட்டாவை எடுத்துவிட்டு, காமன்வெல்த் பருத்தித் துணிக்கும் தீர்வை போடுவது என்று 1969-இல் முடிவானது. 1972 ஜனவரி 1 முதல் தீர்வை வந்தது. கோட்டா மட்டும் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே நின்றன.

ஐரோப்பியச் சமூகம்தான் ஹாங்காங்கின் சலுகையைப் பறித்தது என்று எழுதும் நூல்கள் இந்த ஆண்டு வரிசையைக் கவனிப்பதில்லை. சேர்வதற்கு ஓராண்டு முன்பே தீர்வையற்ற நுழைவு முடிந்துவிட்டது. பதினான்கு ஆண்டு முன்பே அளவுக் கட்டுப்பாடு வந்துவிட்டது. சேர்க்கையின் விளைவைத் தனியே பிரித்தெடுக்க விரும்புபவர் இந்த இரண்டையும் முதலில் கழித்துவிடவேண்டும்.

சுங்க ஒன்றியங்களைப் பற்றிய பொருளியல் சிந்தனைக்கு அடித்தளம் இட்டது 1950-இல் ஜேக்கப் வைனர் எழுதிய நூல். ஒன்றியத்தில் சேர்ந்ததால், தன் நாட்டில் அதிகச் செலவில் செய்துவந்த பொருளைக் கூட்டாளியிடம் மலிவாக வாங்கத் தொடங்கினால் அது வணிக ஆக்கம். வெளியாரிடம் மலிவாக வாங்கிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, தீர்வை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கூட்டாளியிடம் அதிக அடக்கச் செலவுள்ள பொருளை வாங்கினால் அது வணிகத் திசைதிருப்பல். ஒரு சட்டை ஹாங்காங்கில் 100-க்கும் இத்தாலியில் 112-க்கும் முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் 17 விழுக்காடு தீர்வை என்றால் ஹாங்காங் சட்டை 117, இத்தாலியச் சட்டை 131. வாங்குபவர் ஹாங்காங்கைத் தேடுவார். இத்தாலிக்கு மட்டும் தீர்வை போனால் 117-க்கு எதிராக 112. வாங்குபவர் இத்தாலிக்குத் திரும்புவார். கடைக்காரருக்கு ஐந்து மிச்சம். அரசுக்குப் பதினேழு நட்டம். நாடு மொத்தமாகப் பன்னிரண்டைக் கூடுதலாகக் கொடுக்கிறது.

பிரிட்டன் விஷயத்தில் திருப்பம் இதைவிடக் கூர்மையானது. வைனரின் கணக்கில் தொடக்கத்தில் எல்லா வெளியாரும் சமம். பிரிட்டனிலோ காலனிக்குச் சுழியம், இத்தாலிக்கு முழுத் தீர்வை என்று 1971 வரை இருந்த நிலையிலிருந்து, இத்தாலிக்குச் சுழியம், காலனிக்கு முழுத் தீர்வை என்ற நிலைக்குப் போனார்கள். சலுகை போய்ச் சமநிலை வந்ததோடு முடியவில்லை. சலுகையே தலைகீழாகக் கவிழ்ந்தது. ஆடை வகைகளுக்குச் சமூகத்தின் பொதுச் சுங்கவரி அன்று 17 விழுக்காடு அளவில் இருந்தது.

இந்தக் கவிழ்ப்பு படிப்படியாக நடந்தது. பிரிட்டனுக்கும் பழைய ஆறு உறுப்பு நாடுகளுக்கும் இடையிலான தொழிற்பொருள் தீர்வை 1973 ஏப்ரல் தொடங்கி 1977 ஜூலைக்குள் ஐந்து தவணைகளில், ஒவ்வொரு தவணையிலும் ஐந்தில் ஒரு பங்காக, நீங்கியது. வெளியாருக்கான தீர்வையில் பிரிட்டனுக்கும் சமூகத்துக்கும் இருந்த வேறுபாட்டில் 40 விழுக்காட்டை 1974 ஜனவரியில் சரிசெய்தார்கள். மீதியை மூன்று தவணைகளில் 1977 ஜூலைக்குள் முடித்தார்கள்.

சேரும் ஒப்பந்தம் பிரஸ்ஸல்ஸில் 1972 ஜனவரி 22 அன்று கையெழுத்தானது. பழைய பேரரசின் பகுதிகளை அது மூன்று வகையாக நடத்தியது. ஆப்பிரிக்கா, கரீபியன், பசிபிக் பகுதிகளின் காமன்வெல்த் நாடுகளுக்குச் சமூகத்தோடு இணையும் வாய்ப்புத் தரப்பட்டது. அதுவே 1975-இல் லோமே ஒப்பந்தமாக வடிவெடுத்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றுக்கு, வணிக உறவை நல்லெண்ணத்தோடு பேசித் தீர்ப்போம் என்ற நோக்க அறிவிப்பு ஒன்று இணைப்பாகக் கிடைத்தது. சிறு காலனிகள் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகள் என்ற பட்டியலில் ஏறித் தீர்வையற்ற நுழைவைப் பெற்றன. ஃபாக்லாந்து தீவுகள் அந்தப் பட்டியலில் இருந்தன, ஹாங்காங் இல்லை. காலனி என்ற தகுதியில் அன்று இரண்டும் ஒன்றுதான். ஃபாக்லாந்து ஆட்டு ரோமம் விற்றது, ஹாங்காங் சட்டை விற்றது என்பதுதான் வேறுபாடு. வளரும் நாடுகளுக்கென்று 1971 ஜூலையில் சமூகம் தொடங்கிய பொது முன்னுரிமைத் திட்டத்தில் ஹாங்காங்கைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் துணிக்கும் காலணிக்கும் அந்தச் சலுகை அதற்கு இல்லை என்று விலக்கிவைத்தார்கள்.

இவ்வளவையும் பார்த்தால் 1973-க்குப் பின் ஹாங்காங் துணி பிரிட்டனிலிருந்து துடைத்தெறியப்பட்டிருக்கவேண்டும் என்று தோன்றும். அப்படி நடக்கவில்லை. காரணம், வைனரின் எடுத்துக்காட்டில் இல்லாத கோட்டா.

ஹாங்காங் அனுப்பக்கூடிய அளவு முன்பே கட்டப்பட்டுவிட்டது. கட்டப்பட்ட அளவைவிடப் பிரிட்டிஷ் கடைகளில் தேவை அதிகமாக இருந்ததால் அங்கே விலை ஏறி நின்றது. ஹாங்காங்கில் 70-க்கு முடியும் சட்டை, தீர்வை இல்லாத காலத்தில் லண்டன் மொத்தவிலையில் 100 போகிறது என்றால், நடுவே நிற்கும் 30 கோட்டா வைத்திருப்பவரின் லாபம். இப்போது 17 விழுக்காடு தீர்வை வருகிறது. அளவு மாறாததால் கடை விலை அதே 100. ஏற்றுமதியாளர் கையில் 85.50 வரும், சுங்கத்துக்கு 14.50 போகும். 30-ஆக இருந்த லாபம் 15.50-ஆகச் சுருங்கும். ஆனாலும் சட்டை கப்பலேறும். கூட்டாளி நாட்டுச் சரக்கின் போட்டியால் கடை விலை சற்று இறங்கினால் லாபம் இன்னும் மெலியும். சுழியத்தைத் தொடும்வரை அளவு குறையாது. கோட்டா இறுக்கமாக இருக்கும் வகைகளில் தீர்வை மாற்றம் இறக்குமதியின் அளவைத் தொடுவதில்லை, பணம் யாருக்குப் போகிறது என்பதையே மாற்றுகிறது. அந்தப் பணமும் கடைசியில் லண்டனில் தங்கவில்லை. சமூகத்தின் 1970 முடிவின்படி சுங்க வருமானம் சமூகத்தின் சொந்த நிதி. வசூல் செலவுக்குப் பத்து விழுக்காட்டைக் கழித்துக்கொண்டு மீதியைப் பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பவேண்டும். மாறுகாலச் சலுகை முடிந்ததும் பிரிட்டனுக்கும் இதுவே விதி.

ஆகவே சேர்க்கையின் உண்மையான விளைவைத் தீர்வை அட்டவணையில் தேடிப் பயனில்லை. கோட்டாவைப் பேசும் மேசையில் தேடவேண்டும். வெளி வணிகக் கொள்கை சமூகத்தின் அதிகாரம். ஹாங்காங்கோடு துணி உடன்பாடு செய்யும் உரிமை 1973 முதல் பிரஸ்ஸல்ஸ் ஆணையத்துக்குப் போனது. 1974 ஜனவரி 1 அன்று பல்லிழை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பருத்தியோடு கம்பளியையும் செயற்கை இழையையும் அது கோட்டாவுக்குள் கொண்டுவந்தது. பருத்திக்குக் கட்டுப்பாடு வந்தபோது செயற்கை இழைக்குத் தாவித் தப்பித்திருந்த ஹாங்காங் ஆலைகளுக்கு அந்த வாசலும் அடைபட்டது. இந்த ஒப்பந்தத்தில் ஹாங்காங்குக்காகக் கையெழுத்திட்டது பிரிட்டன். 1986 ஏப்ரலில்தான் ஹாங்காங் காட் அமைப்பில் தனி உறுப்பினரானது. அதுவரை ஜெனிவாவில் அதற்கு முன் இருந்த பலகையில் ‘ஐக்கிய முடியரசு, ஹாங்காங்குக்காக’ என்ற பொருளில்தான் எழுதியிருக்கும். எதிரே உட்கார்ந்த ஐரோப்பியச் சமூகத்திலும் ஐக்கிய முடியரசு உண்டு. பிரிட்டன் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தது. அதன் அமைச்சரவையில் லங்காஷயர் தொகுதிகளின் வாக்குக்கு எடை இருந்தது, வாக்குரிமையே இல்லாத ஹாங்காங் ஆலைத் தொழிலாளிக்கு இல்லை.

பல்லிழை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க 1977-இல் நடந்த பேச்சுவார்த்தையில் இது வெளிப்பட்டது. முதல் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வளர்ச்சியைப் பொது விதியாக வைத்திருந்தது. மந்தத்தில் கிடந்த ஐரோப்பா அதைத் தாங்கமுடியாது என்றது. பிரான்ஸ் தன்னிச்சையாகவே சில வகைகளுக்குத் தடை போட்டது. பருத்தி நூல், பருத்தித் துணி, செயற்கை இழைத் துணி, டி-சர்ட், ஸ்வெட்டர், கால்சட்டை, ரவிக்கைச் சட்டை, ஆண்கள் சட்டை ஆகிய எட்டும் மிக எளிதில் பாதிப்படையும் வகைகள் எனப்பட்டு, எல்லா மலிவு விலை நாடுகளுக்கும் சேர்த்து ஒரே உச்சவரம்பு பெற்றன. ஏழை நாடுகளுக்கு இடம் விடவேண்டும் என்ற காரணம் சொல்லி ஹாங்காங், தென்கொரியா, தைவான் மூன்றின் பங்கையும் வெட்டினார்கள். சில வகைகளில் ஹாங்காங்குக்கு 1978-இல் கிடைத்த கோட்டா, 1976-இல் அது உண்மையில் அனுப்பிய அளவைவிடக் குறைவு. வளராமல் நிறுத்துவது வேறு, இருப்பதை வெட்டுவது வேறு. பேச்சு ஒருமுறை முறிந்து மீண்டும் தொடங்கித்தான் உடன்பாடு ஆனது. தனித்திருந்த பிரிட்டன் இந்த அளவுக்கு வெட்டியிருக்குமா என்பது ஐயம்தான்; காலனியின் ஆளுநரும் லண்டன் அமைச்சகமும் ஒரே அரசுக்குள் பேசி முடித்திருப்பார்கள். பிரஸ்ஸல்ஸ் ஒன்பது நாடுகளின் ஆலைமுதலாளிகளுக்கு விடைசொல்லவேண்டியிருந்தது.

சமூகத்தின் கோட்டா ஒரே தொகையாகக் கொடுக்கப்படவில்லை. சுமையைப் பகிர்தல் என்ற விதிப்படி உறுப்பு நாடுகளுக்குள் பிரிக்கப்பட்டது. பிரிட்டனின் பங்கு கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. ஹாங்காங் சரக்கைப் பழைய சலுகையால் முன்பே அதிகம் வாங்கிவந்த நாடு என்பதால், புதிய வளர்ச்சியில் பிரிட்டனுக்குச் சிறிதாகவும் இதுவரை கதவடைத்திருந்த பிரான்ஸ், இத்தாலிக்குப் பெரிதாகவும் ஒதுக்கினார்கள். பிரிட்டன் ஒன்றியத்தில் சேர்ந்ததால் லங்காஷயர் பெற்ற கண்கூடான நன்மை இதுதான் எனலாம். நடைமுறையில் இதன் பொருள்: ஹாங்காங்கின் குவாய் சுங் துறையில் ஏறும் ஒரு பெட்டி சட்டைக்குப் பிரிட்டன் என்று பெயர் குறித்த உரிமம் இருந்தால் அது பிரிட்டனில்தான் இறங்கவேண்டும். ஹாம்பர்க்கில் இறக்கி லாரியில் கொண்டுபோவதைத் தடுக்க, சமூகத்தை நிறுவிய ரோம் உடன்படிக்கையின் 115-ஆம் பிரிவு கையில் இருந்தது. பொதுச் சந்தை என்ற பெயருக்குள் துணிக்கு மட்டும் தனித்தனிச் சந்தைகள் நீடித்தன.

ஹாங்காங் இதற்கு மூன்று வழிகளில் ஈடுகொடுத்தது. முதலாவது, கோட்டா எண்ணிக்கையில் கணக்கிடப்படுவதால், ஒவ்வோர் எண்ணிலும் அதிகப் பணம் வரும் சரக்குக்கு மாறியது. காடா துணியிலிருந்து ஆடைக்கும், மலிவுச் சட்டையிலிருந்து நல்ல தையலுக்கும் போனது. இரண்டாவது, முந்தைய ஏற்றுமதியின் அடிப்படையில் கோட்டாவைப் பிரித்துக்கொடுத்த காலனி அரசு, அதைக் கைமாற்ற அனுமதித்தது. கோட்டா தானே ஒரு சரக்காகி, தரகர்களும் தினசரி விலையும் தோன்றின. ஒரு தறியும் இல்லாமல் கோட்டா வாடகையில் வாழ்ந்தவர்களும் உண்டு. மூன்றாவது, மூலதனம் கோட்டா இல்லாத இடம் தேடிப் போனது. 1968-இல் விடுதலை பெற்ற மொரீஷியஸ் 1970-இல் ஏற்றுமதி வலயச் சட்டம் இயற்றியது. லோமே ஏற்பாட்டின் வழி ஐரோப்பாவுக்குத் தீர்வையின்றி நுழையலாம். ஹாங்காங் முதலாளிகள் அங்கே பின்னலாடை ஆலைகள் வைத்தார்கள். 1977-இல் இலங்கை தன் பொருளாதாரத்தைத் திறந்து, அடுத்த ஆண்டு கட்டுநாயக்கவில் வலயம் அமைத்தபோது, அங்கே வந்த தையல் ஆலைகள் பலவற்றை இழுத்தது மலிவான கூலி மட்டும் இல்லை. அந்த நாட்டின் பயன்படாத கோட்டாவும்தான். இன்று இலங்கையின் முதன்மை ஏற்றுமதித் தொழிலாக நிற்கும் ஆயத்த ஆடைக்குப் பிரஸ்ஸல்ஸின் வெட்டும் ஒரு மறைமுகக் காரணம்.

திருப்பூருக்கும் இதே கோட்டா வகைப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய வகைப்பாட்டில் நான்காம் எண் டி-சர்ட். இந்தியாவின் கோட்டாவைப் பிரித்துக்கொடுத்த அமைப்பு 1978-இல் தொடங்கிய ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம். அங்கும் கோட்டா கைமாறியது, அங்கும் விலை ஏறி இறங்கியது.

திசைதிரும்பிய வணிகம் யாரிடம் போனது? பழைய ஆறு நாடுகளில் இத்தாலி ஆதாயம் அடைந்தது. பிராட்டோ நகரின் கம்பளித் துணியும் பின்னலாடையும் அதற்குப் பெயர் பெற்றவை. ஆனால் விலையில் ஹாங்காங்கோடு நேருக்கு நேர் மோதியது போர்ச்சுகல். எஃப்டாவில் பிரிட்டனின் கூட்டாளியாக அது 1966 முடிவிலிருந்தே தீர்வையின்றி விற்றுவந்தது. பிரிட்டன் எஃப்டாவை விட்டபோதும், சமூகத்தோடு 1972-இல் செய்த தடையற்ற வணிக உடன்பாட்டால் அந்த வசதியை விடாமல் வைத்துக்கொண்டது. ஐரோப்பாவுக்குள்ளேயே குறைந்த கூலி, தீர்வை இல்லை, சில நாளில் சரக்கு வந்துசேரும். காலனிக்கு இழப்பு வந்த இடம் பெரும்பாலும் இது.

இந்த விளைவுகளை எண்ணில் பிடிப்பது கடினம். 1972 ஜூனில் பவுண்டு மிதக்கவிடப்பட்டது; அடுத்த மாதமே ஹாங்காங் டாலர் பவுண்டோடு இருந்த கட்டை அறுத்துக்கொண்டது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. 1974-இல் பல்லிழை ஒப்பந்தம். சேர்க்கையும் இவையும் ஒரே இரண்டாண்டில் நடந்ததால், இறக்குமதி வரைகோட்டில் ஒரு வளைவைக் காட்டி இது சேர்க்கையால் என்று சொல்லிவிட முடியாது. கோட்டா நிரம்பாத வகைகளில் தீர்வையின் விளைவையும், நிரம்பிய வகைகளில் லாபம் கைமாறியதையும் தனித்தனியே கணக்கிடும் ஆய்வுகளே நம்பத்தக்கவை. எல்லாத் துணியையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி பார்ப்பவை இரண்டையும் தவறவிடுகின்றன. லங்காஷயர் ஆலைகளைப் பொறுத்தவரை வரைகோடு தேவையில்லை. ஹாங்காங்கைக் கட்டிப்போட்ட பிறகும் அவை மூடிக்கொண்டே போயின. இத்தாலியிடமிருந்து காக்க எந்தக் கோட்டாவும் பிரஸ்ஸல்ஸிடம் கேட்க முடியாது.

இதே நாடகம் பதின்மூன்று ஆண்டு கழித்துச் சிறிய மேடையில் நடந்தது. 1986 ஜனவரி 1 அன்று போர்ச்சுகல் சமூகத்தில் சேர்ந்தது. அதன் ஆட்சியில் இருந்த மக்காவ் துணி விற்கும் ஊர். ஹாங்காங் முதலாளிகள் கோட்டா தேடி வந்து வளர்த்த தொழில் அது. போர்ச்சுகலின் சட்டை படிப்படியாகத் தடையின்றி ஐரோப்பாவில் உலவத் தொடங்கியது. மக்காவ் சட்டை கோட்டாவுக்குள்ளேயே கிடந்தது.

1993-இல் ஒற்றைச் சந்தை வந்ததும் நாடுவாரிக் கோட்டாக்கள் ஒழிந்தன. எந்த ஐரோப்பியத் துறையிலும் சரக்கை இறக்கலாம் என்றானது. பல்லிழை ஒப்பந்தம் 1994-உடன் முடிந்து, பத்தாண்டு மாறுகாலத்துக்குப் பின் 2005 ஜனவரி 1 அன்று கோட்டா முறையே போனது. ஹாங்காங் 1997-இல் சீனாவிடம் திரும்பியிருந்தாலும் தனிச் சுங்கப் பகுதியாக நீடித்ததால், அதன் கோட்டாவும் அதுவரை உயிரோடு இருந்தது. அதன் தையல் ஆலைகளில் பெரும்பாலானவை எண்பதுகளிலேயே எல்லை தாண்டி ஷென்சென், டொங்குவான் பக்கம் போய்விட்டன. கூலி பல மடங்கு அதிகமான ஹாங்காங்கில் மிச்சமிருந்தவற்றைப் பிடித்துவைத்தது, ‘ஹாங்காங்கில் செய்தது’ என்ற அடையாளத்துக்கு மட்டும் கிடைத்த அந்தக் கோட்டாதான். அது போனதும் அவையும் வேகமாக மூடப்பட்டன.